நாள் குறிக்கப்படாத பேரிடர்கள்

வேதாரண்யத்தில் கஜா புயல் கரையேறியது எந்நாள் என்று கேட்டால் அவ்வூர்ச் சிறுவர்களும் தயங்காமல் சொல்வர்: 2018 நவம்பர் 16, நள்ளிரவு கடந்து விடிவதற்குள். அதே வட்டாரத்தில் கிணற்றுநீர் உவர்த்துப்போனது எந்நாள் என்று கேட்டால் மூத்தவர்களும் தடுமாறுவர். பாட்டி காலத்தில் அந்நீரைக் குடித்தார்கள். தாய் காலத்தில் உலை வைத்தார்கள். இன்று பல சிற்றூர்களில் அதில் சோப்பும் நுரைப்பதில்லை. அவ்வளவுதான் அவர்களால் சொல்ல முடியும். குடிநீர் இப்போது கொள்ளிடத்திலிருந்து குழாய்வழி வருகிறது. குழாய் வறண்ட நாளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள்.

புயலுக்குப் பெயர் இருந்தது. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை இருந்தது. கரை தொடுமுன்னரே 80,000-க்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் அமைச்சர்கள் வந்தனர், நடுவண் குழு வந்தது, சாய்ந்த தென்னைகள் எண்ணப்பட்டன, இழப்பீடு வரையறுக்கப்பட்டது. குறைகள் பல இருந்தன. நிவாரணம் கேட்டுச் சாலை மறியல்கள் நடந்தன. ஆயினும் நேர்ந்தது பேரிடர் என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. கிணறு உவர்த்ததற்கு எச்சரிக்கையும் இல்லை, குழுவும் இல்லை, அரசாணையும் இல்லை. அவ்வுவர்ப்பினால் எத்தனை குடும்பங்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தன என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மருத்துவர்கள் தீவிர நோய் என்றும் நாட்பட்ட நோய் என்றும் பிரித்து வழங்குவர். மாரடைப்பு ஒரு நொடியில் வீழ்த்துகிறது. நீரிழிவு இருபது ஆண்டுகள் உடனிருந்து அரிக்கிறது. முன்னதற்கு மட்டும் மருத்துவமனை கட்டி, பின்னதை நோயாகவே எழுதாத நாட்டை நாம் என்னவென்று சொல்வோம்? இடர்களைப் பொறுத்தவரை நம் நாடு ஏறத்தாழ அந்நிலையில்தான் நிற்கிறது. புயல், ஆழிப்பேரலை, நிலநடுக்கம் ஆகிய திடீர் இடர்களையும், வெப்பம், உவர்நீர் உட்புகல், கடலரிப்பு, நிலத்தடிநீர் வற்றுதல் ஆகிய நாட்பட்ட இடர்களையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம் ஆட்சிமுறைக்கு இன்னும் வரவில்லை. அது வாராதவரை நாட்டின் தாங்குதிறன் குறித்த பேச்செல்லாம் பாதிப் பேச்சாகவே இருக்கும்.

திடீர் இடர்களை எதிர்கொள்வதில் இந்தியா அடைந்த முன்னேற்றம் சிறிதன்று. அதைக் குறைத்துச் சொல்வது நன்றியின்மை. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் 500-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் மாண்டோர் ஏறத்தாழ 10,000 பேர். அவ்வாண்டு முடிவதற்குள் அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பொன்றை நிறுவியது. கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டியது. ஊர்தோறும் இளைஞர்களைப் பயிற்றியது. 2019 மே 3 அன்று ஃபானி புயல் பூரிக்கருகே கரையேறியபோது 12 இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டிருந்தனர். உயிரிழந்தோர் 64 பேர். இருபது ஆண்டுகளில் ஒரு சமூகம் தன் சாவுக்கணக்கை இப்படிக் குறைத்துக்கொண்டதற்கு உலகிலேயே எடுத்துக்காட்டுகள் குறைவு.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நமக்குக் கற்பித்ததும் வீண்போகவில்லை. தமிழகத்தில் மாண்ட ஏறத்தாழ 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தவர். அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது; 2007-ல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. இவையனைத்துக்கும் அடித்தளமாக நின்றது ஒன்றே. செத்தவர்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணிக்கை அரசை நாணச் செய்தது. சட்டமும் கட்டடமும் எச்சரிக்கையும் அதன் பின்னரே வந்தன.

நாட்பட்ட இடரின் கதி வேறு. பேரிடர் நிதியிலிருந்து உதவி பெறத்தக்கவை எனப் பன்னிரண்டு இடர்கள் நடுவண் அரசின் பட்டியலில் நெடுங்காலமாக நின்றுவந்தன: புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியுடன் கூடிய குளிரலை. குளிரலை இடம்பெற்ற அப்பட்டியலில் வெப்ப அலைக்கு இடமிருக்கவில்லை. மாநிலங்கள் பலமுறை கேட்டன. 15-ஆவது நிதிக்குழு, இருக்கும் பட்டியலே மாநிலங்களின் தேவையைப் பெருமளவு நிறைவு செய்கிறது என்று கூறி அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. மாநிலங்கள் தத்தம் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை தமக்கே உரிய இடர்களுக்குச் செலவிடலாம் என்ற விதி மட்டுமே அவற்றுக்கு வழியாக நின்றது. அவ்விதியைப் பற்றிக்கொண்டுதான் தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் வெப்பத்தால் இறந்தார் என்ற மருத்துவச் சான்றுக்கு எங்கே போவது?

இந்தியாவில் பதிவாகும் சாவுகளில், காரணம் இன்னதென்று மருத்துவர் சான்றளிப்பவை நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. சான்றளிக்கப்படும் இடத்திலும் வெயில் தாக்கி மயங்கி விழுந்தவரின் தாளில் 'மாரடைப்பு' என்றே எழுதப்படுகிறது. விளைவைப் பாருங்கள். 2015 முதல் 2022 வரையிலான எட்டாண்டுகளில் வெப்பத்தால் மாண்டோர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 8,171 பேர். தேசிய நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கில் 3,812 பேர். வானிலைத் துறையின் கணக்கில் 3,436 பேர். ஒரே நாடு, ஒரே காலம், மூன்று அரசுத் துறைகள். புயலில் மாண்டோர் தொகையில் இத்தகைய வேறுபாடு நேர்ந்திருந்தால் நாடாளுமன்றம் ஒரு நாளும் அமைதியாக இருந்திராது.

எண்ண முடியாதது அன்று இது. 2010 மே 21 அன்று அகமதாபாத்தில் வெப்பம் 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அத்திங்களில் வெயிலால் இறந்தோர் என்று சான்று பெற்றவர் சிலரே. ஆய்வாளர்கள் சான்றிதழ்களை ஒதுக்கிவைத்துவிட்டு நகரின் இறப்புப் பதிவேட்டைக் கையில் எடுத்தனர். முந்தைய ஆண்டின் மே, அடுத்த ஆண்டின் மே ஆகியவற்றின் மொத்தச் சாவுகளோடு 2010 மே மாதத்தின் மொத்தச் சாவுகளை ஒப்பிட்டனர். மிகுதியாக மாண்டோர் 1,344 பேர் என்று தெரியவந்தது. வழக்கமான தொகையைவிட 43 விழுக்காடு அதிகம். அந்த ஓர் எண்தான் 2013-ல் நாட்டின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை அந்நகரில் பிறப்பித்தது. எச்சரிக்கைக்கு நிறம் குறிக்கப்பட்டது, மருத்துவமனைகள் முன்கூட்டி ஆயத்தமாயின, தண்ணீர்ப் பந்தல்கள் பெருகின. பின்னர் வந்த ஓர் ஆய்வு, அத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 உயிர்கள் காக்கப்பட்டன என மதிப்பிட்டது. ஒடிசாவில் புயல் கற்பித்த பாடத்தை அகமதாபாத்தில் இறப்புப் பதிவேடு கற்பித்தது.

மீண்டும் வேதாரண்யத்துக்கு வருவோம். பங்குனி பிறந்து வைகாசி முடியும்வரை அங்கு உப்பு விளைச்சலின் உச்சம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமென்று விடியலுக்கு நெடுநேரம் முன்பே தொழிலாளர் பாத்திகளில் இறங்குகிறார்கள். காலில் உவர்நீர், தலைக்கு மேல் திறந்த வானம். பொழுது ஏறஏற உப்பின் வெண்மை கண்ணைப் பறிக்கிறது. வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் சுடுகிறது. ஆண்கள் மரப்பலகை கொண்டு உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளி வரப்பேறி அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வரப்போரத்தில் துணி மூட்டையருகே தண்ணீர்க் குப்பிகள் இருக்கின்றன. அவற்றுள் பெண்களுடையவை பெரும்பாலும் நிறைந்தபடியே வீடு திரும்புகின்றன. குடித்தால் சிறுநீர் கழிக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரமில்லை, சுவரில்லை, கழிப்பறையில்லை. ஆகவே அவர்கள் குடிப்பதில்லை. உப்பளப் பெண்களிடம் பேசிய ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிந்து வைத்துள்ள செய்தி இது. தமிழக உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைப்பதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குன்றியிருப்பதையும் கண்டுள்ளனர்.

அப்பெண்களுள் ஒருத்தி ஐம்பது அகவையில் மாண்டால் தாளில் எழுதப்படுவது சிறுநீரகச் செயலிழப்பு. அந்நோய் எங்கே பிறந்தது, எத்தனை கோடைகளில் வளர்ந்தது என்று எழுத அத்தாளில் இடமில்லை. கஜா புயலில் கூரை சரிந்து அவள் மாண்டிருந்தால் மாவட்ட ஆட்சியரே வீடு தேடி வந்து காசோலை வழங்கியிருப்பார். இரண்டு சாவுக்கும் நடுவேயுள்ள வேறுபாடு விரைவு ஒன்றுதான். விரைவை அளவுகோலாகக் கொண்டு உயிர்களுக்கு மதிப்பு வகுக்கும் உரிமையை நாம் எவர்க்கும் வழங்கவில்லை.

இவ்விரு வகை இடர்களையும் ஒப்பிடுவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். திடீர் இடரை அளப்போர் இரண்டு வினாக்கள் எழுப்புவர்: நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு. இரண்டையும் பெருக்கினால் இடரின் எடை கிடைத்துவிடுகிறது. நாட்பட்ட இடரின்முன் முதல் வினாவே பொருளிழந்து நிற்கிறது. ஏனெனில் அது ஏற்கெனவே நேர்ந்துகொண்டிருக்கிறது. அதனிடம் கேட்க வேண்டியவை வேறு. எவ்வளவு விரைவாக வளர்கிறது? எந்த எல்லையைத் தாண்டினால் மீட்க இயலாது? நிலத்தடியில் நன்னீரும் உவர்நீரும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கடலோர மணற்பாங்கில், மேலே இறைக்கும் ஒவ்வோர் அடி நன்னீருக்கும் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலெழும் என்பது நீரியலார் நன்கறிந்த செய்தி. ஓர் எல்லைவரை கிணறு தேறும். ஒரு நல்ல மழையே போதும். எல்லை கடந்தபின் ஒரு தலைமுறை மழையும் போதாது. அவ்வெல்லையைக் கடக்கும் நாளில் இடியும் இல்லை, மின்னலும் இல்லை. செய்தித்தாளில் ஒரு வரியும் வருவதில்லை.

கால அளவும் தீர்ப்பை மாற்றுகிறது. ஓராண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வைத்துப் பார்த்தால் புயலே எப்போதும் பெரிதாகத் தோன்றும். ஒரு மனிதன் உழைத்து வாழும் முப்பது ஆண்டுகளை அளவாகக் கொண்டு, ஒரு வட்டத்தில் புயலால் இழந்த விளைச்சல், வீடு, உயிர், கல்வி, உடல்நலம் ஆகியவற்றை ஒரு பக்கமும், வெப்பத்தாலும் உவர்ப்பாலும் இழந்தவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் தாழும் என்று நாம் முன்கூட்டித் தீர்ப்புரைக்கவில்லை. எழுதிப் பார்க்க வேண்டும் என்றே கேட்கிறோம். இதுவரை எழுதப்படாததே குற்றம். பிரித்தானிய அரசு நாட்பட்ட இடர்களுக்கெனத் தனி ஆய்வறிக்கை ஒன்றை 2025-ல் வெளியிட்டு, திடீர் இடர்களின் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருக்கிறது. 2015-ல் சென்டாயில் உலக நாடுகள் ஒப்பிய பேரிடர்க் குறைப்புச் சட்டகமும் மெல்லப் படரும் இடர்களைத் தன் வரம்புக்குள் வெளிப்படையாகவே சேர்த்தது. இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடு.

ஒப்பிடும்போதுதான் மற்றோர் உண்மை புலப்படுகிறது. இரண்டும் தனித்தனி இடர்கள் அல்ல. ஒன்று மற்றதை ஈன்று வளர்க்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை நகரம் நீரில் மிதந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 சூன் திங்களில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் தரை தெரிய வற்றின. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீர் இரயிலேறி நகருக்கு வந்தது. வெள்ளம் திடீர் இடர், வறட்சி நாட்பட்ட இடர் என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. மழைநீரை வாங்கி வைக்க வேண்டிய ஏரிகளும் சதுப்புநிலங்களும் பல பத்தாண்டுகளாக மெல்லமெல்லச் சுருங்கின. பள்ளிக்கரணைச் சதுப்பில் கட்டடம் எழுந்த நாள்தோறும் ஒரு சிறு பேரிடர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் எவரும் நாள் குறிக்கவில்லை.

இமயத்துச் சோசிமத்து நகரம் பழைய நிலச்சரிவின் இடிபாடுகள்மேல் அமர்ந்தது. அங்குப் பெருங்கட்டுமானம் கூடாது என்று மிசுரா குழு 1976-லேயே எச்சரித்தது. 2023 சனவரியில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பிளந்தபின் நாடு திடுக்கிட்டது. நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் கொடுக்கப்பட்ட ஒன்றைத் திடீரென நேர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்திசையிலும் இது நிகழ்கிறது. கஜா ஓர் இரவில் சாய்த்த தென்னைகள் இலட்சக்கணக்கானவை. புதிதாக நட்ட கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகள் முழுவதும் கடனுக்கு வட்டி ஏறியது, பிள்ளைகளின் படிப்பு நின்றது, தோப்புக்காரர் கூலிக்காரரானார். நிவாரணக் கணக்கு முடிக்கப்பட்ட பின்னரும் புயல் அக்குடும்பங்களில் வீசிக்கொண்டிருந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் கசிந்த நச்சுக்காற்று சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஆலை வளாகத்தில் எஞ்சிய 337 டன் நச்சுக்கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டது 2025 சனவரியில். நடுவே நாற்பது ஆண்டுகள் அது அந்நகரிலேயே கிடந்தது. திடீர் இடரை உரிய காலத்தில் முடித்து வைக்காவிடில் அது நாட்பட்ட இடராக நம் நடுவே குடியேறிவிடுகிறது.

நாகை மாவட்டம் இதற்கு மேலும் ஒரு சான்று தருகிறது. கழனிகளை இறால் குட்டைகளாக்கியதால் சுற்று நிலமும் குடிநீரும் கெடுகின்றன என்று காந்தியர் சங்கரலிங்கம் செகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் நீதிமன்றம், கடலோரக் கட்டுப்பாட்டு மண்டலத்திலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. பின்னர் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அத்தடையைத் தளர்த்தி, உரிமம் பெற்று நடத்த வழிசெய்தது. அதே 2005-ல்தான் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் நிறைவேறியது. ஒரே ஆண்டு, ஒரே அவை. ஆழிப்பேரலையின் உப்புநீர் வயலில் புகுந்ததைப் பேரிடர் என்று ஒரு சட்டம் சொன்னது. குட்டையின் உப்புநீர் வயலுக்குள் கசிவதை உரிமக் கட்டணத்துக்குரிய தொழிலாக மற்றொரு சட்டம் ஒழுங்குபடுத்தியது. நிலத்துக்கு இரண்டும் உப்புதான்.

மெல்லப் படரும் இடருக்கு அளவுகோல் வகுப்பது புதுமையான கோரிக்கை அன்று. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் நின்ற 1876–78 பெரும்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுவர். அப்போது நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதுமென்று இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு என்ற மருத்துவர் அதை எதிர்த்தார். அவர் கையில் இருந்த படைக்கலம் முகாம்களின் சாவுக்கணக்கு. மாதந்தோறும் எண்ணி, எழுதி, அரசின்முன் வைத்துக்கொண்டே இருந்தார். சில திங்களில் கூலி உயர்ந்தது. பஞ்சத்துக்குப் பின் 1880-ல் அறிக்கை தந்த பஞ்ச ஆணையமும், 1883-ல் வரையப்பட்ட பஞ்ச விதித்தொகுப்பும், பஞ்சம் வந்தபின் கண்டறிவதை விட்டு, வருமுன் உணரும் குறிகளை வகுத்தன. தானிய விலையேற்றம், கடன் கிடையாமை, ஊர்விட்டு ஊர் அலைவோர் பெருக்கம் ஆகியவை தோன்றியவுடன் மாவட்ட அலுவலர் இன்னது செய்ய வேண்டும் என்ற கடமை எழுத்தில் வந்தது. அயலார் ஆட்சி, தன் கொடுமைகளுக்கு நடுவே, நாட்பட்ட இடருக்கு நாள் குறிக்கும் வழியொன்றை வகுத்தது. இன்றைய வறட்சிக் கையேடு அவ்வழியில் வந்ததே. மழையளவு, பயிரின் பசுமை, மண்ணின் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவற்றுக்கு 2016-ல் திருத்தப்பட்ட அக்கையேட்டில் வரம்புகள் உள்ளன. 2017 சனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்க முடிந்தது இப்படிப்பட்ட குறிகள் இருந்ததனால்தான்.

இங்கே ஒன்றை நினைவூட்டாமல் கடக்க மனம் வரவில்லை. அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. பசித்தவர்கள் மண் சுமந்து உண்டாக்கிய நீர்வழி அது. இன்று அதில் கழிவுநீர் தேங்கி நிற்கிறது. அதன் நடுவே பறக்கும் இரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டுள்ளன. மழைநாளில் நகரின் வெள்ளம் அத்தூண்களில் மோதித் தயங்குகிறது.

எல்லாவற்றையும் பேரிடர் என்று அறிவித்தால் கருவூலம் தாங்குமா என்று கேட்பார் உண்டு. அவ்வினாவை நாம் புறக்கணிக்கவில்லை. நிதிக்குழுவின் தயக்கத்திலும் பொருள் உண்டு. இழப்பீட்டை மட்டும் பேரிடர் மேலாண்மையாகக் கொண்டால் பட்டியல் நீளநீளச் செலவு பெருகத்தான் செய்யும். ஆனால் அதே 15-ஆவது நிதிக்குழுதான் மாநிலங்களின் பேரிடர் மேலாண்மைக்கு 2021–26 காலத்துக்கு 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்து, அதில் 20 விழுக்காட்டைத் தணிப்புப் பணிக்கென முதன்முறையாகத் தனியே ஒதுக்கியது. கடலரிப்பையும் ஆற்றரிப்பையும் தணிக்க 1,500 கோடி ரூபாயும், அவ்வரிப்பால் பெயர்ந்தோரை மீள்குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் தேசிய நிதியிலிருந்து வழங்கலாம் என்றது. தணிப்புக்கான கதவை அக்குழு திறந்துவிட்டது. அறிவிப்புக்கான கதவை மட்டும் சாத்தி வைத்தது. 1990 முதல் 2018 வரை தமிழகக் கடற்கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியுள்ளதெனத் தேசியக் கடலோர ஆய்வு மையம் வரைபடமிட்டுக் காட்டிய பின்னர், அந்நிதியைப் பாறாங்கல் சுவர்களில் கொட்டுவதா, அன்றி மணல் வரவைத் தடுக்கும் துறைமுகக் கட்டுமானங்களையும் ஆற்று மணற்கொள்ளையையும் முதலில் நிறுத்துவதா என்பதே கேள்வி. ஓர் ஊருக்குக் கல்சுவர் எழுப்பினால் வடக்கே அடுத்த ஊரில் அரிப்பு மிகுகிறது என்பதைக் கடலோரத்து மீனவர் எவரும் சொல்வர்.

செய்ய வேண்டியவை பெருந்திட்டங்கள் அல்ல. தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாச் சாவுகளும் பதிவாகின்றன. அப்பதிவேடு கணினியில் இருக்கிறது. வாரந்தோறும் மாவட்டந்தோறும் மொத்தச் சாவுகளை முந்தைய ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட்டு, வானிலைத் துறையின் வெப்பக் கணக்கோடு சேர்த்து வெளியிட ஒரு சிறு அலுவலகம் போதும். அகமதாபாத்தில் ஒருமுறை ஆய்வாளர்கள் செய்ததை இங்கு ஆண்டு முழுதும் அரசே செய்யலாம். அப்போது இழப்பீட்டுக்கு ஒவ்வொரு சாவுக்கும் சான்று தேடி அலையும் நிலை குறையும்; ஆபத்து எந்த ஊரில், எந்தத் தொழிலில் குவிகிறது என்பது கண்முன் நிற்கும்.

கிணற்றுக்கும் எல்லை குறிக்க வேண்டும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீர் கிடையாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடைமடை ஊர்களின் கண்காணிப்புக் கிணறுகளில் இவ்வளவு ஆண்டுக்காண்டு எப்படி ஏறுகிறதென்று அரசுத் துறைகளிடம் அளவுகள் உள்ளன. 500-லிருந்து 2,000-ஐ நோக்கி ஏறும் கிணறு, கரையை நோக்கி வரும் புயலுக்கு ஒப்பானது. பாதி வழியிலேயே எச்சரிக்கைக் கூண்டு ஏற வேண்டும்: ஆழ்துளை இறைப்புக்கு வரம்பு, கடைமடைக்கு ஆற்றுநீர், தடுப்பணை, இறால் குட்டைகளின் உரிமம் மறு ஆய்வு ஆகியவை ஆட்சியரின் விருப்பத்தைப் பொறுத்தவை என்றில்லாமல் கடமையாக வேண்டும். கடல்மட்டமோ ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. நாளைய புயலின் அலை இன்றைய உயர்வின்மேல் ஏறித்தான் ஊருக்குள் வரும். ஆகவே கடலோர மாவட்டங்களின் பேரிடர்த் திட்டம் புயலுக்கு ஓர் ஏடு, உவர்ப்புக்கு ஓர் ஏடு என்று பிரிந்து கிடக்கலாகாது. இரண்டையும் ஒருவரே படித்து, ஒருவரே விடை சொல்ல வேண்டும்.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் விளக்கத்தில் பேரிடர் என்பது ஒரு நிகழ்வு. அந்தச் சமூகம் தாங்கும் ஆற்றலைக் கடந்த நிகழ்வு. நிகழ்வோடு நிகழ்ந்துவரும் நிலையையும் அவ்விளக்கத்தில் சேர்க்க ஒரு தொடர் போதும். அதை நாடாளுமன்றம் சேர்க்கும்வரை மாநில அரசு காத்திருக்க வேண்டியதில்லை. வெப்பத்தை அறிவித்த அதே 10 விழுக்காட்டு விதியின்கீழ் உவர்நீர் உட்புகலையும் கடலரிப்பையும் தமிழகம் அறிவிக்கலாம். கேரளம் கடலரிப்பை ஏற்கெனவே தன் பட்டியலில் சேர்த்துள்ளது.

அடுத்த பங்குனிக்குள் செய்யத்தக்க ஒன்றும் உண்டு. வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பள வரப்புகளின்மேல், நடந்து சென்று திரும்பும் தொலைவில், நிழற்கூரையும் தண்ணீர்த் தொட்டியும் கதவுள்ள கழிப்பறையும் அமைக்கப்பட வேண்டும். தணிப்பு நிதியின் முன் இச்செலவு பொருட்படுத்தத்தக்கதே அன்று. புயல் காப்பகத்துக்கு வரைபடம் போடும் அதே பொறியாளர் இதற்கும் போடட்டும். அதே கோப்பில், அதே தலைப்பின்கீழ். அங்கே உப்பு சுமக்கும் பெண்ணின் தண்ணீர்க் குப்பி நண்பகலுக்குள் காலியாகிறதா என்று கோடை நெடுகிலும் சென்று பார்க்கும் பொறுப்பு வட்டாட்சியருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.